கொம்பு சரியாக நிற்கிறதா? கிம்ப் 3.0-இல் ஒரு சினிமா போஸ்டர்

அக்கா மகள் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வகுப்பில் நாலு பேர் சேர்ந்து பன்னிரண்டு நிமிடக் குறும்படம் எடுத்திருந்தார்கள். பத்தமடையில் பாய் நெய்யும் ஒரு பாட்டியின் கதை. படத்தின் பெயர் 'கோரை'. துறை விழாவில் திரையிட இரண்டு வாரம் இருக்கும்போதுதான் போஸ்டர் யார் செய்வது என்ற கேள்வி வந்திருக்கிறது. கேமராக்காரன் கையை விரித்துவிட்டான். எடிட்டர் தூங்கி மூன்று நாளாகியிருந்தது. கடைசியில் இவள் தலையில் விழுந்தது.

"மாமா, ஒங்க லேப்டாப்புல போட்டோஷாப் இருக்கா?" என்று வந்து நின்றாள்.

இல்லை. பாளையங்கோட்டையில் பதினெட்டு வருடம் டி.டி.பி. கடை நடத்தியவன் நான். கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு அழைப்பு, கண்ணீர் அஞ்சலி, பில் புக் என்று ஓடிய கை. கடையை மூடிய பிறகு போட்டோஷாப்புக்கு மாதாமாதம் சந்தா கட்ட மனசு வரவில்லை. நண்பன் ஒருவன் பென் டிரைவில் 'கிராக்' தருகிறேன் என்றானாம். வேண்டவே வேண்டாம் என்றேன். கடைக்காலத்தில் அப்படி வந்த ஒரு பென் டிரைவ் மூன்று நாள் வேலையை விழுங்கிய அனுபவம் எனக்கு உண்டு.

"அப்போ எதுல செய்ய?"

"கிம்ப்புல செய்வோம். சும்மாத்தான் கெடைக்கி."

சும்மா கிடைப்பது எதற்கும் உதவாது என்ற முகத்தோடு உட்கார்ந்தாள். அந்த இரண்டு வாரத்தில் நாங்கள் பார்த்ததுதான் இந்த விமர்சனம்.

எந்திரமும் பதிப்பும்

சோதித்தது கிம்ப் 3.0. வெளியான நாள் 2025 மார்ச் 16. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விண்டோஸ் என்றால் 10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். எங்களிடம் இருந்தது 8 ஜிபி ராம் உள்ள சாதாரண ஐ3 மடிக்கணினி. வரைபலகை கிடையாது, மவுஸ் மட்டும். கிம்ப் டாட் ஆர்க் தளத்திலிருந்து நேரடியாக இறக்கிக்கொள்ளுங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்புகளில் கை வைக்காதீர்கள்.

விலை இல்லை, சந்தா இல்லை, பதிவு செய்யச் சொல்லிக் கேட்பதும் இல்லை. பாஸ் போன்ற லினக்ஸ் தொகுப்புகளில் கிம்ப் நெடுநாளாகக் கிடைக்கிறது. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பல வீடுகளில் அந்தப் பக்கம் ஒருமுறைகூடத் திறக்கப்படாமலேயே மடிக்கணினி பரணுக்குப் போய்விட்டது.

இந்த வகை மென்பொருளுக்கும் மாணவர்களுக்கும் பழைய உறவு உண்டு. 1987-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தாமஸ் நோல், கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்ட எழுதிய சிறு நிரல்தான் போட்டோஷாப்பின் விதை. தம்பி ஜான் நோல் சினிமா மாயக்காட்சி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இருவருமாக வளர்த்தது 1990 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. ஐந்து ஆண்டு கழித்து பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது கிம்ப். 1996-இல் முதல் பொதுப் பதிப்பு வந்தது. அதன் பொத்தான்களுக்காக எழுதிய ஜிடிகே என்ற துணைக்கருவி தனியே வளர்ந்து, லினக்ஸின் க்னோம் திரை முழுவதற்கும் அடித்தளமாகிவிட்டது. சினிமாவும் மாணவர்களும் இதற்குள் முதலிலிருந்தே இருக்கிறார்கள் என்றேன். "கதை நல்லாருக்கு மாமா, பாட்டியை வெட்டணும், அதச் சொல்லுங்க" என்றாள்.

முதல் சோதனை: நரைமுடி

பாட்டியின் படம் கைப்பேசியில் எடுத்தது. 3000-க்கு 4000 பிக்ஸல். கோரைக்காட்டின் முன்னால் நிற்கிறார். சிவப்புச் சேலை, தலையில் பச்சைக் கோரைக் கட்டு, காதோரம் நரைமுடி காற்றில் பறக்கிறது. இவரை அங்கிருந்து பிரித்து, அந்தியில் மின்னும் தாமிரபரணிக் கரையில் நிறுத்த வேண்டும்.

முதலில் அவள் எடுத்தது ஃபசி செலெக்ட். ஓர் இடத்தைத் தொட்டால் அதே நிறமுள்ள பகுதி முழுதும் தேர்வாகும் கருவி. பின்னால் இருந்ததோ நூறு வகைப் பச்சை. அரைமணி நேரம் சொடுக்கிச் சொடுக்கி ஒருவழியாக வெட்டியெடுத்தாள். "பாட்டிக்கு ஹெல்மெட் போட்ட மாதிரி இருக்கு மாமா." அப்படித்தான் இருந்தது.

அடுத்தது ஃபோர்கிரவுண்ட் செலெக்ட். பாட்டியைச் சுற்றித் தோராயமாக ஒரு வளையம் போட்டு, உள்ளே முகத்திலும் சேலையிலும் முடியிலும் கிறுக்கிக் காட்டினால், எது ஆள், எது பின்னணி என்று மென்பொருள் கணக்கிட்டுப் பிரிக்கும். இவ்வளவு பெரிய படத்தில் கணக்கிட நேரம் எடுக்கிறது. காபி போட்டுக்கொண்டு வரலாம். முகமும் சேலையும் அழகாக வந்தன. கோரைக் கட்டுதான் காலை வாரியது. பச்சைக்கு முன்னால் பச்சை. எந்தக் கணக்குக்கும் அது விளங்காது.

அப்போதுதான் அவளை மவுஸைக் கீழே வைக்கச் சொன்னேன். படத்தில் எந்த ஓரம் எப்படிப்பட்டது என்று முதலில் பார்க்கச் சொன்னேன். சேலை ஓரம் கூர்மையானது. கோரைக் கட்டு கூர்மைதான், ஆனால் பின்னணியோடு நிறம் ஒத்துப்போகிறது. முடி மெல்லியது, பாதி ஒளி ஊடுருவுவது. மூன்று ஓரம், மூன்று வழி.

சேலைக்கும் கட்டுக்கும் பாத் டூல். புள்ளி வைத்து, வளைத்து, அடுத்த புள்ளி. கோலம் போடுகிற பொறுமை வேண்டும். கட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தாள்களில் முக்கியமான ஏழெட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டாள். யாரும் எண்ணப் போவதில்லை.

முடிக்குப் பழைய அச்சக வித்தை ஒன்று உண்டு. படத்தை டீகம்போஸ் செய்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிச் சாம்பல் படங்களாகப் பிரியும். இலைகள் நீல ஒளியை அதிகம் திருப்பி அனுப்புவதில்லை. அதனால் நீலப் படத்தில் கோரைக்காடு கிட்டத்தட்டக் கறுப்பாகவும், நரைமுடி வெள்ளையாகவும் தெரியும். லெவல்ஸில் இன்னும் கொஞ்சம் முறுக்கினால் கறுப்பில் வெள்ளிக்கம்பி இழுத்தது போல ஒவ்வொரு முடியும் தனியே நிற்கும். அதைப் பிரதியெடுத்து அப்படியே லேயர் மாஸ்க்கில் ஒட்டினோம். வெள்ளை இருக்கும் இடம் தெரியும், கறுப்பு இருக்கும் இடம் மறையும், சாம்பல் பாதி தெரியும். மாஸ்க் என்றால் என்ன என்று வகுப்பில் மூன்று முறை கேட்டும் புரியாதது அந்த ஒரு ஒட்டலில் புரிந்துவிட்டது அவளுக்கு.

முடி ஓரத்தில் பச்சைச் சாயல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வந்தது. மேலே ஒரு லேயர் வைத்து, கலர் மோடில் மெல்லிய செம்மண் நிறத்தைத் தடவியதும் சரியாகிவிட்டது. முதல் சோதனையில் கிம்ப் தேறியது. பொத்தானை அழுத்தினால் ஆள் தானாகப் பிரிந்துவரும் வசதி இதில் இல்லை. கைப்பேசிச் செயலிகள் அதை நொடியில் செய்கின்றன. ஆனால் அவை இந்தப் பச்சைக் கட்டில் என்ன செய்யும் என்று நீங்களே ஒருமுறை முயன்று பாருங்கள்.

இரண்டாவது சோதனை: வெளிச்சம்

பாட்டியை ஆற்றங்கரையில் வைத்ததும் ஏதோ ஒட்டவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. ஏன் என்று தெரிய அவளுக்கு ஒரு நாள் ஆனது. பாட்டியின் முகத்தில் வெயில் இடப்பக்கமிருந்து விழுகிறது. ஆற்றுப்படத்தில் சூரியன் வலப்பக்கம். உடனே பாட்டியை இடம் வலமாகத் திருப்பிவிட்டாள். வெளிச்சம் பொருந்திவிட்டது.

காபி கொண்டுவந்த அக்கா திரையை ஒரு பார்வை பார்த்தாள். "ஏட்டி, முந்தானை ஏன் வலது தோள்ல கெடக்கு?"

அடுத்த முயற்சி ஆற்றைத் திருப்புவது. அந்தப் படம் குறுக்குத்துறையில் எடுத்தது. வெள்ளம் வந்தால் மூழ்கி எழும் முருகன் கோயில் அதில் தெரிகிறது. திருப்பினால் கோயில் இடம் மாறிவிடும். திருநெல்வேலியில் அதைக் கண்டுபிடிக்காதவர் யாராவது இருக்கிறார்களா? கடைசியில் சேரன்மகாதேவிப் பக்கம் எடுத்த, கோயிலோ பாலமோ இல்லாத வெறும் மணலும் தண்ணீரும் உள்ள படத்தைத் திருப்பி வைத்தோம்.

கிம்ப் 3.0-இன் பெரிய வரவு இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. முந்தைய 2.10 வெளியானது 2018 ஏப்ரலில். அதில் ஒரு லேயருக்கு கர்வ்ஸ் போட்டு நிறத்தை மாற்றினால் மாற்றியது மாற்றியதுதான். மறுநாள் வந்து கொஞ்சம் குறைக்கலாம் என்றால் வழி இல்லை. 3.0-இல் பெரும்பாலான ஃபில்டர்கள் லேயரின் மேல் தனியாக உட்காருகின்றன. லேயருக்குப் பக்கத்தில் 'எஃப்எக்ஸ்' என்று ஒரு குறி தெரியும். அதைத் தொட்டு எப்போது வேண்டுமானாலும் அளவை மாற்றலாம், மறைக்கலாம், நீக்கலாம். போட்டோஷாப் பழகியவர்கள் இதில் என்ன அதிசயம் என்பார்கள். கிம்ப் பழகியவர்கள் ஏழு வருடம் காத்திருந்தது இதற்குத்தான்.

பாட்டியின் லேயரில் நீலக் கோட்டைக் கொஞ்சம் இறக்கி, சிவப்பைக் கொஞ்சம் ஏற்றி, அந்திநிறம் கொண்டுவந்தாள். முதலில் போட்ட அளவு மஞ்சக்காமாலை மாதிரி இருந்தது. நாலு நாளில் அதைப் பதினோரு முறை மாற்றியிருப்பாள். ஒவ்வொரு முறையும் குறைத்துக்கொண்டே வந்தாள். கற்றுக்கொள்கிறவருக்கு இந்த வசதி மிகப் பெரியது. செய்தது போய்விடும் என்ற பயம் இல்லாதபோதுதான் கை துணிந்து வேலை செய்கிறது.

குறைகளும் உண்டு. பழைய செருகுநிரல்கள் சில நேரடியாகப் படத்தின் மேலேயே விழுகின்றன, திரும்ப முடியாது. ஒரே லேயரில் ஐந்தாறு ஃபில்டர் அடுக்கினால் எங்கள் ஐ3 மூச்சுவாங்கியது. போட்டோஷாப்பின் ஸ்மார்ட் ஆப்ஜெக்டுக்கு நிகரான ஒன்று 3.0-இல் இல்லை. ஒரு படத்தைச் சிறிதாக்கிவிட்டு மறுபடி பெரிதாக்கினால் கூர்மை போயிருக்கும். மூலப்படத்தை மறைவாக ஒரு லேயரில் வைத்துக்கொள்வதே இதற்கு வழி.

ராம் பற்றி ஒரு சின்னக் கணக்கு. ஏ3 தாளை 300 டிபிஐ-யில் திறந்தால் 3508-க்கு 4961 பிக்ஸல், அதாவது ஒரு கோடியே எழுபத்து நாலு லட்சம் புள்ளி. சாதாரண 8 பிட்டில் ஒரு முழு லேயருக்குச் சுமார் 70 எம்பி. 'இன்னும் தரமாக இருக்கட்டும்' என்று 32 பிட்டுக்கு மாற்றினால் அதே லேயர் 278 எம்பி ஆகிவிடும். இருபது லேயர் வைத்தால் 8 ஜிபி கணினி திணறும். மாணவர்களுக்கு 8 பிட் போதும்.

மூன்றாவது சோதனை: தலைப்பு

தமிழில் போஸ்டர் செய்கிறவர் எந்த மென்பொருளையும் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான். எங்கள் படத்தலைப்பே நல்ல பரீட்சைத்தாளாக அமைந்தது. 'கோ' என்பதில் குறி எழுத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கிறது. 'ரை' என்பதில் பின்னால் தட்டிய குறி முன்னால் வந்து நிற்க வேண்டும். மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தொங்கும், இல்லையென்றால் புள்ளிவட்டம் ஒன்று முளைக்கும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேடிப்பிடித்து இயக்காவிட்டால் இதுதான் கதி.

எங்கள் தலைமுறை இதற்குக் கண்டுபிடித்த குறுக்குவழி பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவை உட்கார வைத்தவை. கொம்பை முதலில் தட்டி, பிறகு எழுத்தைத் தட்ட வேண்டும். பார்வைக்குச் சரியாக இருக்கும். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் இறைந்து கிடக்கும். எத்தனை கல்யாணப் பத்திரிகை அப்படி அழிந்தது என்று எனக்குத்தான் தெரியும். பல அச்சகங்களில் இன்றும் அந்த எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன.

கிம்ப் எழுத்தைக் கோக்கும் வேலையை பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற இரண்டு திறந்த நிரல்களிடம் ஒப்படைக்கிறது. யூனிகோடில் 'கோரை' என்று தட்டினோம். கொம்பு, கால், இணைக்கொம்பு எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன. எந்த அமைப்பையும் தொட வேண்டியிருக்கவில்லை. ஆயிரக்கணக்கில் காசு வாங்கும் மென்பொருள்கள் சில நெடுங்காலம் தவறவிட்ட இடம் இது.

இலவச எழுத்துருக்களுக்கும் இப்போது பஞ்சமில்லை. பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கேட்டமரான், ஏக் டைப் குழுவின் அனேக் தமிழ், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் கவிவனார் மூன்றையும் இறக்கிப் போட்டுப் பார்த்தோம். கவிவனார் கையெழுத்துச் சாயலில் சாய்ந்து நிற்பது. கதைக்கு நெருக்கமாக இருந்தது, ஆனால் தூரத்தில் மெலிந்து போனது. அனேக் தமிழின் தடித்த வடிவம் நின்றது.

அதன் பிறகுதான் அவளுடைய ஆசை தலைதூக்கியது. எழுத்துக்குள் பாயின் நெசவு தெரிய வேண்டும். வீட்டிலிருந்த பத்தமடைப் பாயைப் படமெடுத்து, எழுத்தின் மேல் விரித்து, ஆல்ஃபா டு செலெக்‌ஷன் கொடுத்து மாஸ்க் செய்தாள். அருமையாக இருந்தது. சுற்றி ஒரு வெளிக்கோடு, கீழே நிழல், ஓரத்தில் பளபளப்பு. 3.0-இல் எழுத்துக்கு வெளிக்கோடு போடும் வசதி எழுத்துக் கருவியிலேயே வந்திருக்கிறது. பொத்தான் இருந்தால் அழுத்தாமல் எப்படி இருப்பது?

ஏ4 தாளில் அச்செடுத்து எதிர்வீட்டுச் சுவரில் ஒட்டி, தெருவின் இந்தப் பக்கம் வந்து நின்றோம். தலைப்பு படிக்க முடியவில்லை. நெசவு எழுத்தைத் தின்றுவிட்டது. வண்ணார்பேட்டையிலிருந்து ஜங்ஷன் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு போஸ்டர் மூன்று விநாடி தெரிந்தால் அதிகம். ரத்னா, பூர்ணகலா தியேட்டர் பக்கத்துச் சுவர்களில் மைதாப் பசையில் ஒட்டிய பழைய போஸ்டர்கள் அந்த மூன்று விநாடிக்காகவே செய்யப்பட்டவை. பெரிய முகம், பெரிய பெயர், தேதி. அவ்வளவுதான்.

அவள் ஒன்றும் பேசவில்லை. உள்ளே வந்து நெசவு லேயரின் கண் குறியை மூடினாள், நிழலின் கண்ணை மூடினாள், பளபளப்பை நீக்கினாள். மிஞ்சியது மணல் நிறத்தில் வெறும் எழுத்து. இணைக்கொம்பை மட்டும் சேலையின் சிவப்பில் வைத்தாள். இப்போது எதிர்ச்சுவரில் பெயர் படிக்க முடிந்தது. வெளியே ஓடாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. படத்தைத் திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அதில் பெயர் தெரியாவிட்டால் சுவரிலும் தெரியாது, இன்ஸ்டாகிராமிலும் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு குறையும் உண்டு. தலைப்பின் ஓர் எழுத்தை மாற்றினால் நெசவு மாஸ்க்கை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். போட்டோஷாப்பில் கிளிப்பிங் மாஸ்க் அதைத் தானாகப் பார்த்துக்கொள்ளும். கிம்ப்பில் லேயர் குரூப் வைத்து இதே காரியத்தைச் சாதிக்கலாம், ஆனால் புதியவருக்கு அந்த வழி எளிதில் கண்ணில் படாது.

நாலாவது சோதனை: அச்சு

கோவில்பட்டி தாண்டினால் சிவகாசி. 1920-களில் அய்யநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சகம் வந்தது. பிறகு காலண்டரும் சினிமா போஸ்டரும் அந்த எந்திரங்களில் ஓடின. 20-க்கு 30 அங்குல டபுள் கிரவுன் தாள் தமிழகச் சுவர்களை ஆண்டது அப்படித்தான்.

அந்த எந்திரம் பேசுவது சிஎம்ஒய்கே என்ற நாலு மை மொழி. கிம்ப் வேலை செய்வது சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒளி மொழியில். கிம்ப்புக்கு நேரடியாக சிஎம்ஒய்கே-யில் வேலை செய்யும் முறை இல்லை. 3.0-இல் சாஃப்ட் புரூஃப் மூலம் மையில் எப்படி வரும் என்று திரையிலேயே பார்க்கலாம். ஜேபெக், டிஃப், பிஎஸ்டி கோப்புகளாக சிஎம்ஒய்கே-யில் ஏற்றுமதியும் செய்யலாம். சாஃப்ட் புரூஃபை முதன்முதலாகப் போட்டபோது அவள் முகம் வாடியது. திரையில் தகதகத்த அந்தி வானம் மங்கிப்போனது. மையில் இல்லாத வெளிச்சம் தாளில் எப்படி வரும்? முதல் நாளே இதைப் பார்த்திருந்தால் நாலு நாள் ஆரஞ்சோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டாம்.

இன்னொரு சிக்கல் கறுப்பு எழுத்து. கீழே வரும் சின்னப் பெயர்ப் பட்டியலில் கறுப்பு நிறம் மாற்றத்தில் நாலு மையும் கலந்த கறுப்பாகிவிடும். ஆஃப்செட்டில் தகடு ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். படத்தை கிம்ப்பில் முடித்துவிட்டு, எழுத்தை ஸ்க்ரைபஸில் வைத்து பிடிஎஃப் ஆக்குவதே சரியான வழி. அதுவும் இலவசம்தான். 2024 தொடக்கத்தில் வந்த 1.6 பதிப்பு தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கிறது.

எங்களுக்கு ஆஃப்செட் தேவைப்படவில்லை. ஐந்து ஏ3 கலர் பிரிண்ட், ஒரு டபுள் கிரவுன். கைப்பேசிப் படத்தின் உயரம் 4000 பிக்ஸல். ஏ3-இல் அது சுமார் 240 டிபிஐ, கையில் பிடித்துப் பார்க்கலாம். 30 அங்குல உயரத்தில் 133 டிபிஐதான். ஆனால் டபுள் கிரவுனை யாரும் மூக்கருகே வைத்துப் பார்ப்பதில்லை. சுவரில் நன்றாகவே இருந்தது.

கடைக்காரர் பிஎஸ்டி கோப்பு கேட்டார், கொடுத்தோம். அங்கே லேயர்கள் எங்கள் கணினியில் இருந்ததுபோல் நிற்கவில்லை. நகர்ந்திருந்தன. கடையை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் நானும். வெளியே கொடுக்கும் கோப்பில் லேயர் லேயராக இருக்கக் கூடாது, ஒரே படமாகச் சேர்த்துவிட வேண்டும். பிடிஎஃப் அல்லது டிஃப் கொடுத்தால் தொல்லை இல்லை.

ஒரு தப்பு எங்களுடையது. ஆறாம் நாள் ராத்திரி ஜேபெக் மட்டும் எடுத்துவிட்டு, 'சேமிக்கவில்லையே' என்று கிம்ப் கேட்டதற்குத் தூக்கக் கலக்கத்தில் 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டாள். லேயர் அத்தனையும் போனது. கிம்ப்பில் சேவ் என்றால் எக்ஸ்சிஎஃப் கோப்பு, ஜேபெக் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட். இரண்டும் வேறு வேறு. மறுநாள் எல்லாவற்றையும் மறுபடி செய்தாள். முதல் தடவை ஐந்து நாள் எடுத்த வேலை இரண்டாம் தடவை அரை நாளில் முடிந்தது. ஓரங்களும் முன்னைவிடச் சுத்தமாக வந்தன.

மற்றவை எப்படி?

போட்டோபீ: இவான் குட்ஸ்கிர் என்ற தனி ஒருவர் உருவாக்கி 2013-இல் வெளியிட்டது. பிரவுசரிலேயே ஓடும், பிஎஸ்டி திறக்கும், தோற்றமும் போட்டோஷாப் சாயல்தான். கல்லூரி லேபில் எதையும் நிறுவ அனுமதி இல்லாதவர்களுக்கு இதுதான் கதி. விளம்பரம் வரும்.

அஃபினிட்டி: கேன்வா நிறுவனம் 2024-இல் வாங்கி, 2025 அக்டோபரில் இலவசமாக்கியது. சிஎம்ஒய்கே நேரடியாக உண்டு. கணக்குத் தொடங்க வேண்டும். உங்கள் தலைப்பைத் தட்டி, கொம்பு சரியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

பிக்ஸல்லேப், கேன்வா மாதிரியான கைப்பேசிச் செயலிகள்: பிறந்தநாள் வாழ்த்துக்கும் கோயில் கொடை அறிவிப்புக்கும் போதும். முடியின் ஓரத்தை விரலால் செதுக்க முடியாது.

செயற்கை நுண்ணறிவு: வகுப்புத் தோழன் ஒருவன் இரண்டு வரி எழுதி ஒரு நிமிடத்தில் 'கோரை' போஸ்டர் வரவழைத்தான். வானம் பிரமாதம். ஆனால் பாட்டி உட்கார்ந்திருந்தது பட்டுத்தறியில். பத்தமடையில் பாய்த்தறி தரையோடு தரையாக, மூங்கில் கட்டி, பாவு இழுத்து நிற்பது. அதைப் பார்த்த பாய்க்காரர் வீட்டுப் பையன் சிரித்த சிரிப்பில் அந்தப் போஸ்டர் கைவிடப்பட்டது.

தீர்ப்பு

கற்றுக்கொள்கிறவருக்கு, குறும்படம், கல்லூரி விழா, நாடகம், புத்தக அட்டை செய்கிறவருக்கு கிம்ப் 3.0 போதும். லேயர், மாஸ்க், கர்வ்ஸ், பாத் நாலையும் இதில் பழகியவர் நாளைக்கு எந்த மென்பொருளில் உட்கார்ந்தாலும் பொத்தான் இருக்கும் இடத்தைத்தான் தேடுவார். தமிழ் எழுத்துக்கு முழு மதிப்பெண். திரும்பிப்போய்த் திருத்தும் வசதிக்கு நல்ல மதிப்பெண். அச்சுக்குப் பாதி மதிப்பெண்தான், மீதிக்கு ஸ்க்ரைபஸைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சென்னைக்குப் போய் விளம்பர வடிவமைப்பில் வேலை தேடப் போகிறவர் போட்டோஷாப்பையும் கட்டாயம் கற்க வேண்டும். அங்கே கோப்புகள் கைமாறுவது பிஎஸ்டியில்தான்.

'கோரை' போஸ்டரில் கடைசியாக இருந்தவை ஒன்பது லேயர். ஒரு கட்டத்தில் முப்பத்தொன்று இருந்தன.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், இறக்கி நிறுவியதும் முதல் வேலையாக உங்கள் படத்தின் பெயரைத் தட்டுங்கள். அதைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்குங்கள். கொம்பு அதன் இடத்தில் நின்று, பெயரும் படிக்க முடிந்தால், மற்ற பொத்தான்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.